டேட்டாபேஸ் கெடவில்லை, சர்வரை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் மூலம் ஆன்லைன் விற்பனையும் உண்டு. 1 ஜிபி ரேம் கொண்ட விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர்). அடிக்கடி ராத்திரியில் ‘எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்ஷன்’ என்று வந்து தளம் நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. தளம் செய்து கொடுத்தவர், டேட்டாபேஸ் கெட்டுவிட்டது, 8 ஜிபி சர்வர் வாங்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரீஸ்டார்ட் செய்ததும் ஆர்டர்கள் அப்படியே இருக்கின்றன என்றால் டேட்டாபேஸ் கெடவில்லை. அதை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் நிறுத்துவது சர்வரை இயக்கும் லினக்ஸேதான்.

ரேம் தீர்ந்துபோனால் லினக்ஸ் ஒரு ப்ராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமை) கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும். தனி ஆளாக எது அதிக மெமரி பிடித்திருக்கிறதோ, பொதுவாக அதற்குத்தான் அடி. சின்ன சர்வரில் அது டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல். மெமரியைத் தின்றது பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பியாக இருக்கும், செத்தது மைஎஸ்க்யூஎல்லாக இருக்கும். திரையில் டேட்டாபேஸ் பெயர் தெரிவதால் எல்லோரும் அதையே நோண்டுகிறார்கள்.

கர்னல் லாகில் (லினக்ஸ் எழுதிவைக்கும் பதிவில்), தளம் நின்ற நேரத்தில், ‘அவுட் ஆஃப் மெமரி’, ‘கில்ட் ப்ராசஸ்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் ஹோஸ்டிங் சப்போர்ட்டில் கேளுங்கள். கேஷை க்ளியர் பண்ணுங்கள் என்று முதல் பதில் வரும். 24 மணி நேர உதவி என்று விளம்பரம் செய்துவிட்டு, கேட்ட கேள்வியைக்கூடப் படிக்காமல் பதில் அனுப்புகிறார்கள். விடாமல் மறுபடி கேளுங்கள்.

அந்த வரி இருந்தால் கணக்கு எளிது. 1024 எம்பியில் மைஎஸ்க்யூஎல்லுக்கு 400, சிஸ்டத்துக்கு 150 போனால் மிச்சம் சுமார் 470. வூகாமர்ஸ் தளத்தில் ஒரு பிஎச்பி ப்ராசஸ் 60 எம்பி பிடிக்கிறது என்று வைத்தால் ஏழு ப்ராசஸுக்குத்தான் இடம். பிஎச்பி ப்ராசஸ்களை நிர்வகிக்கும் எஃப்பிஎம் செட்டிங்கில், ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்று சொல்லும் ‘மேக்ஸ் சில்ட்ரன்’ 40 என்று இருந்தால் 2400 எம்பி வேண்டும். ராத்திரியில் பாட்கள் (தானாக ஓடும் ப்ரோக்ராம்கள்) லாகின் பக்கத்தையும், வெளி ஆப்கள் தளத்தோடு பேசும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலையும் தட்டினால் அந்த 40-ம் கிளம்பிவிடும். அந்த எண்ணை 6 அல்லது 7 ஆக்கச் சொல்லுங்கள். மொபைல் ஆப் வழியாகத் தளத்தை நடத்தவில்லை, ஜெட்பேக் பிளக்இன்னும் இல்லை என்றால் எக்ஸ்எம்எல்ஆர்பிசியை மூடச் சொல்லுங்கள். 1 ஜிபி ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடம்) போடச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் புது சர்வர் தேவையில்லை.

ஆனால் லாகைப் பார்க்காமலேயே பெரிய பிளான் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிளானை விற்றால் கமிஷன் கிடைக்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் நிறைய. டேட்டாபேஸ் ரிப்பேர் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பேக்கப் எடுக்காமல், கெட்ட டேட்டாபேஸை வலுக்கட்டாயமாகத் திறக்கும் ‘ஃபோர்ஸ் ரெகவரி’ செட்டிங்கை 4 அல்லது அதற்கு மேல் ஏற்றினால் நல்ல டேட்டாவும் நிரந்தரமாகக் கெடலாம். விலை உயர்ந்த பிளக்இன்னை இருநூறு ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் அது பெரும்பாலும் திருட்டுக் காப்பி. அதற்குள்ளேயே பலமுறை மால்வேர் இருக்கும், அதுவே உங்கள் சர்வரைத் தின்னும். அப்புறம், டொமைன் (உங்கள் தளத்தின் முகவரி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இன்றைக்கே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் சண்டை வரும் அன்று கடை உங்கள் கையில் இருக்காது.

ஒரு விதிவிலக்கு. ரீஸ்டார்ட் செய்தும் மைஎஸ்க்யூஎல் எழாவிட்டால், லாகிலும் மெமரி வரி இல்லாவிட்டால், டிஸ்க் நிரம்பியிருக்கலாம். டிஸ்கில் உள்ள இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையில் 100 சதவீதம் என்று காட்டும். மைஎஸ்க்யூஎல் 8-ல் பைனரி லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) தானாகவே ஓடும், 30 நாள் சேர்த்து வைக்கும். 25 ஜிபி டிஸ்கில் அது பெரிய சுமை. அந்த ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள், மைஎஸ்க்யூஎல் வழியாகவே நீக்கி, நாட்களைக் குறைக்கச் சொல்லுங்கள். வெப் சர்வரின் லாக் வீங்கியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருக்கும். அழித்தாலும் இடம் திரும்பாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் திரும்பும். ‘அழித்துவிட்டேன், இன்னும் நிரம்பியே இருக்கிறது, டிஸ்க் பெரிதாக வாங்குங்கள்’ என்று சொல்பவருக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம்.

‘மேக்ஸ் சில்ட்ரன்’ எண்ணைக் குறைத்த பிறகு, தீபாவளி விற்பனையில் தளம் மெதுவாகி, எஃப்பிஎம் லாகில் ‘ரீச்ட் மேக்ஸ் சில்ட்ரன்’ என்று திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் உண்மையான வாடிக்கையாளர்களால் வந்தால், அப்போது ரேம் வாங்குங்கள். அப்போதும் முதலில் 2 ஜிபி போதும்.