இணைய வரைபட அடுக்குகள் இடம் மாறி விழுவது ஏன்? கேள்வி பதில்

சென்னை, நிரலாளர்: டபிள்யூஎம்எஸ் (சர்வரிடம் வரைபடப் படம் கேட்கும் முறை) கோரிக்கையை 1.1.1 பதிப்பிலிருந்து 1.3.0 பதிப்புக்கு மாற்றினேன். வார்டு எல்லைகள் வெற்றுப் படமாக வருகின்றன. பிழைச் செய்தியும் இல்லை. ஈபிஎஸ்ஜி 4326 முறையில் 80.1, 12.9, 80.4, 13.3 என்று எல்லைப் பெட்டியை அனுப்புகிறேன்.

பிழைச் செய்தி வராததற்குக் காரணம், சர்வரைப் பொறுத்தவரை உங்கள் கோரிக்கையில் பிழையே இல்லை என்பதுதான். 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் வரும். 1.3.0 பதிப்போ, ஆய முறைகளுக்கு எண் கொடுக்கும் ஈபிஎஸ்ஜி பதிவேட்டில் உள்ள அச்சு வரிசையைப் பின்பற்றுகிறது. அந்தப் பதிவேட்டில் 4326க்கு அட்சரேகையே முதலாவது. எனவே வட அட்சம் 80 பாகை, கிழக்குத் தீர்க்கம் 13 பாகை என்று சர்வர் புரிந்துகொண்டு, நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய பகுதியைத் தேடுகிறது. அங்கே சென்னையின் வார்டுகள் இல்லாததால் வெற்றுப் படத்தை அனுப்புகிறது. 12.9, 80.1, 13.3, 80.4 என்று மாற்றி அனுப்புங்கள். அல்லது தீர்க்கரேகை முதலில் வரும் சிஆர்எஸ் 84 என்ற பெயரைப் பயன்படுத்துங்கள். ஆய முறையைக் குறிக்கும் எஸ்ஆர்எஸ் என்ற அளவுருவின் பெயரும் 1.3.0 பதிப்பில் சிஆர்எஸ் என்று மாறிவிட்டது. மீட்டர்களில் அளக்கும் இணைய வரைபட முறையான ஈபிஎஸ்ஜி 3857இல் கேட்டால் இந்த வரிசைச் சிக்கல் எழாது, ஏனெனில் அதில் இரு பதிப்புகளிலும் கிழக்கு அளவே முதலில் வரும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட் என்ற இணைய வரைபட நிரல் நூலகத்திலோ அட்சரேகை முதலில் வரும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

மதுரை, மாணவி: என் புள்ளிகள் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் ஒரே இடத்தில் விழுகின்றன, ஐயா.

அது கினி வளைகுடா. பூஜ்ஜிய அட்சமும் பூஜ்ஜியத் தீர்க்கமும் அங்கேதான் சந்திக்கின்றன. மதுரையின் 78.12, 9.93 ஆகிய பாகைகளை மீட்டர்களாக எடுத்துக்கொண்டதால், அந்தச் சந்திப்பிலிருந்து 78 மீட்டர் கிழக்கிலும் 10 மீட்டர் வடக்கிலும் மென்பொருள் புள்ளியை வைத்துவிட்டது. 3857இல் மதுரை கிழக்கே ஏறத்தாழ 86,96,000 மீட்டரிலும் வடக்கே ஏறத்தாழ 11,11,000 மீட்டரிலும் இருக்க வேண்டும். உங்கள் கோப்பு 4326 என்று அறிவித்துவிடுங்கள். மாற்றும் வேலையை நிரல் நூலகம் பார்த்துக்கொள்ளும்.

திருச்சி: போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி மூலம் 4326ஐ 3857 ஆக மாற்றினேன். அடுக்கு காணாமல் போய்விட்டது.

நீங்கள் எதையும் மாற்றவில்லை. பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினீர்கள். எண்கள் இன்னும் பாகைகளாகவே இருக்கின்றன. முதலில் சீட்டை 4326க்குத் திருப்பிவிட்டு, எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் மூலம் எண்களை மாற்றுங்கள்.

சேலம்: க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் அடுக்கின் சிஆர்எஸ்ஸை 3857 என்று அமைத்தேன், பொருந்தவில்லை.

திருச்சி நண்பருக்குச் சொன்ன விடைதான். ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள்.

ஓசூர்: ஜியோசர்வர் என்ற வரைபட சர்வரில் ‘ஃபோர்ஸ் டிக்ளேர்டு’ கொடுத்து 3857 என்று எழுதினேன்...

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: சீட்டை மாற்றினால் எண் மாறாது. ‘ரீப்ரொஜெக்ட் நேட்டிவ் டு டிக்ளேர்டு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தயவுசெய்து மேலே உள்ள இரு விடைகளையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கோவை, நிறுவன ஊழியர்: எங்களுக்குக் கிடைத்த 3395 அடுக்கு, 3857 அடித்தள வரைபடத்தில் சென்னையில் தெற்கே சரிந்து விழுகிறது. வடக்கு அளவுடன் 9,660 மீட்டர் கூட்டினோம், பொருந்திவிட்டது. இதற்கு ஏன் இத்தனை விளக்கம்?

இதை நான் விட்டுச்செல்ல மாட்டேன். இரண்டும் உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் மெர்கேட்டர் முறைகளே. ஆனால் 3395 பூமியை நீள்வட்டக் கோளமாகவும், 3857 அதே 63,78,137 மீட்டர் ஆரமுள்ள முழுக்கோளமாகவும் வைத்துக் கணக்கிடுகின்றன. இரண்டுக்கும் இடையிலான வடக்கு வேறுபாடு, ஏறத்தாழ 42,700 மீட்டரை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பது. சென்னையில் அது சுமார் 9.7 கிலோமீட்டர், கன்னியாகுமரியில் சுமார் 6 கிலோமீட்டர். உங்கள் கூட்டலைக் கன்னியாகுமரிக்குப் பயன்படுத்தினால் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் தவறும்.

கோவை, அதே ஊழியர்: எங்கள் திட்டம் சென்னைக்குள் மட்டும்தான், ஐயா.

சென்னைக்குள்ளேயும் அது நிலையான எண் அன்று. 12.9 பாகையிலிருந்து 13.2 பாகை வரை போவதற்குள் வேறுபாடு இருநூறு மீட்டருக்கு மேல் மாறிவிடுகிறது. நகரின் நடுவில் ஒரு தெருவைப் பார்த்துப் பொருத்தியிருப்பீர்கள். வடகோடியிலும் தென்கோடியிலும் சோதித்துப் பாருங்கள். கண்ணளவில் தள்ளி வைத்த கோட்டைப் பிறகு வேறொருவர் குழாய் தோண்டவோ நிலத்தை அளக்கவோ உண்மை என்று நம்பி எடுத்துக்கொள்வார். கூட்டிய எண் எங்கேயும் எழுதியிருக்காது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மூலத் தரவை 3395 என்று சரியாக அறிவியுங்கள், கூட்டிய எண்ணை நீக்குங்கள்.

யாழ்ப்பாணம், நில அளவையாளர்: இரு கோப்புகளும் இலங்கைக் கட்டம் என்றே சொல்கின்றன. ஆனால் ஒன்று வங்காள விரிகுடாவில் விழுகிறது.

நல்ல கேள்வி. பழைய கண்டவளை கட்டமான 5234க்கும், 1999ஆம் ஆண்டுக் கட்டமான 5235க்கும் பீதுருதாலகாலை மலையே தொடக்கப்புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிக்குப் பழையதில் 2,00,000, 2,00,000 என்றும், புதியதில் 5,00,000, 5,00,000 என்றும் மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். புதிய எண்களைப் பழைய கட்டமாகப் படித்தால் கிழக்கே 300 கிலோமீட்டரும் வடக்கே 300 கிலோமீட்டரும் நகர்ந்து கடலில் விழும். மூன்று லட்சத்தைக் கழித்துவிடலாமே என்று கோவை நண்பர் சொல்லக்கூடும். தொடக்கப்புள்ளியின் பாகை அளவுகளும் இரண்டிலும் மிகச் சிறிதளவு வேறுபடுவதால், எல்லைக்கல் அளக்கும் உங்களுக்கு அது போதாது. 5235 என்று அறிவித்து, ஆயங்களை மாற்றும் ப்ராஜ் நிரல் நூலகத்தால் மாற்றுங்கள்.

ஈரோடு: டைல்கள் (வரைபடத்தின் சதுரப் படத்துண்டுகள்) தலைகீழ் வரிசையில் வருகின்றன.

அது புரொஜெக்‌ஷன் சிக்கல் அன்று. டைல்களை எண்ணும் டிஎம்எஸ் முறை வரிசைகளைத் தெற்கிலிருந்து எண்ணுகிறது. லீஃப்லெட்டில் ‘டிஎம்எஸ்’ விருப்பத்தை இயக்குங்கள்.

திண்டுக்கல்: யூடிஎம் (பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் முறை) மண்டலம் 44 கொடுத்தேன், எங்கள் ஊர் ஏறத்தாழ ஆறு பாகை கிழக்கே போய்விட்டது.

உங்கள் ஊர் 77.97 பாகையில் இருக்கிறது. 78 பாகைக்கு மேற்கே 43ஆவது மண்டலம், கிழக்கே 44ஆவது. உங்கள் எண்கள் 43இல் எழுதப்பட்டவை. ஈபிஎஸ்ஜி 32643 என்று அறிவியுங்கள். 44 என்று சீட்டு ஒட்டியதுதான் தவறு.