மஸ்ஜித் ஜாமேக் அஞ்சடியில் படுத்திருக்கும் பெரியவருக்கு அரசாங்க அறை கிடைக்குமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மதுரையிலிருந்து கோலாலம்பூரில் பங்சார் சவுத்துக்கு வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. செந்தூலுக்குத் திரும்பும் வழியில் மஸ்ஜித் ஜாமேக்கில் ரயில் மாறும்போது, அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், அட்டை விரித்துப் படுத்திருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவரை அடிக்கடி பார்க்கிறீர்கள். டொரொண்டோவில் இருக்கும் உங்கள் அத்தை மகன், அங்கே இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே அறை கொடுத்து, கூடவே பார்த்துக்கொள்ள ஆளும் போடுகிறது என்றாராம். இங்கே அது உண்டா, அந்தப் பெரியவருக்கு நீங்கள் என்ன செய்யலாம், நாளைக்கு உங்கள் வேலையே போனால் உங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. பிள்ளைகள் இங்கேயே படித்து வளர்ந்துவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரிகளில் புடு, கோத்தா ராயா பக்கம் சாப்பாடு கொடுக்கும் ஒரு குழுவோடு பல வருடமாகப் போய்வருகிறேன். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே அரசாங்கப் பணம் இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று, சில நாள் தங்கும் படுக்கை. இன்னொன்று, வருடக்கணக்கில் வைத்துப் பராமரிக்கும் இல்லம். இரண்டுக்கும் நடுவில், பூட்டும் சாவியும் உள்ள சொந்த அறை, வாரத்துக்கு ஒரு தடவை வந்து "மாத்திரை போட்டீங்களா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா" என்று கேட்க ஓர் ஆள் என்ற ஏற்பாட்டுக்கு, ஒரு திட்டமாகப் பணம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. உங்கள் அத்தை மகன் சொன்னது அந்த நடு ஏற்பாட்டைத்தான்.

முதலில் படுக்கை. ஜாலான் பஹாங்கில் மாநகர் மன்றம் நடத்தும் வீடற்றோர் இடைத்தங்கல் மையம் இருக்கிறது. குளிக்க, சாப்பிட, படுக்க இடம் கொடுப்பார்கள். ஜாலான் ஹாங் லெகியூவில் 2011-இல் 'அன்ஜோங் சிங்கா' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு வாரம் வரை தங்கலாம், அதற்குள் வேலை தேடித் தருவார்கள் என்பது கணக்கு. ஊரிலிருந்து வேலை தேடி வந்து கைக்காசு தீர்ந்துபோன இளவட்டத்துக்கு இது நல்ல உதவி. அறுபத்தைந்து வயசில் சர்க்கரை வியாதியோடு இருப்பவர் பதினைந்தாம் நாள் எங்கே போவார்? பழைய அஞ்சடிக்குத்தான்.

அடுத்தது இல்லம். இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பெரியவர் "வேணாம் தம்பி" என்று சொல்லப்போவது இதற்குப் பயந்துதான். 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று உண்டு. சமூக நல அதிகாரி தெருவில் இருப்பவரை அழைத்துப் போய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். முதலில் ஒரு மாதம் வரை வைத்து விசாரிப்பார்கள். பிறகு மூன்று வருடம் வரை இல்லத்தில் இருக்க உத்தரவிடலாம். அனுமதி இல்லாமல் வெளியேறினால் மூன்று மாதம் வரை சிறை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த இல்லங்களுக்கு 'தேசா பினா டிரி' என்று பெயர். ஒன்று ஜொகூரில் மெர்சிங்கில், இன்னொன்று பஹாங்கில் ஜெராண்டுட்டில். சோறும் கூரையும் கிடைக்கும், உண்மை. ஆனால் கோலாலம்பூரில் ஐம்பது வருடம் வாழ்ந்தவருக்குத் தெரிந்த கோயில், தெரிந்த டீக்கடை, எப்போதாவது வந்து பார்க்கும் பேத்தி எல்லாமே இங்கேதான் இருக்கின்றன. குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்திக் கொடுக்கும் உதவியை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று இங்குள்ள அமைப்புகள் வெகு நாளாகக் கேட்டுவருகின்றன. நானும் அந்தப் பக்கம்தான்.

முதியோருக்குத் தனியாக 'ரூமா ஸ்ரீ கெனாங்கான்' இருக்கிறது. அறுபது வயசுக்கு மேல், வாரிசு இல்லை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்றால் மனு செய்யலாம். படுத்த படுக்கையானவர்களுக்குக் கோலகுபு பாருவிலும் டுங்கூனிலும் 'ரூமா எஹ்சான்' உண்டு. "வாரிசு இல்லை" என்ற இடத்தில்தான் நம் ஆட்கள் பலருக்குச் சிக்கல். பேச்சுவார்த்தை இல்லாத மகன் கிள்ளானில் இருப்பான். தாளில் அவன் வாரிசு.

பிபிஆர் எனும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி பற்றியும் யாராவது சொல்வார்கள். மாத வாடகை 124 வெள்ளி, அதாவது ரிங்கிட்தான். கெரிஞ்சியில் உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே உயரமாகத் தெரியும் பாருங்கள். ஆனால் அது மூன்று அறை வீடு, குறைந்த வருமானக் குடும்பத்தை மனசில் வைத்துக் கட்டியது. தனி ஆளாக, சம்பளச் சீட்டோ முகவரியோ இல்லாமல் தெருவிலிருந்து நேராக அதற்குள் போவது நடக்கிற காரியமாக நான் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயாவைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு முழுதும் புரியும். கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி நிலம் மேம்பாட்டுக்குப் போனதும் குடும்பம் சிதறியது. நகரத்துக்கு வந்து வருடக்கணக்கில் செக்யூரிட்டி வேலை. தங்க இடம் கம்பெனியே கொடுத்தது. வயசாகிவிட்டது என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். "வேல போனது பெருசில்லம்மா, கட்டிலும் அதோடவே போச்சு" என்றார். கோத்தா ராயா பக்கத்து அஞ்சடியில் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பார், இல்லாவிட்டால் காலையில் செருப்பு இருக்காது. ஐசி, அதாவது அடையாள அட்டை, ஏற்கெனவே திருடு போய்விட்டது. சட்டைப்பையில் அதன் நகல் மட்டும் நாலாக மடித்து இருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் எண்ணில் இரண்டு இலக்கம் அழிந்துபோயிருந்தது.

ஐசி இல்லாதவருக்கு இந்த நாட்டில் எந்தக் கவுண்டரும் திறக்காது. தொலைத்தால் அபராதம் முதல் தடவை 100 வெள்ளி, இரண்டாம் தடவை 300, அதற்கு மேல் 1000. தெருவில் படுப்பவருக்கு ஐசி ஒரு தடவையோடு தொலையுமா? திருட்டுப் போனது என்று போலீஸ் புகார் இருந்தால் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே முதலில் போலீஸ் நிலையம், பிறகு தேசியப் பதிவிலாகா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கூட ஒருவர் போனால் அங்கே பேசும் விதமே வேறாக இருக்கும். உங்களைப் போல் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் ஆள் போனால் இன்னும் நல்லது. வருத்தமான விஷயம், ஆனால் நடைமுறை அதுதான்.

ஐசி வந்த பிறகும் அறைக்குள் போக முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 500 வெள்ளிக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். இங்கே வழக்கம் இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. மொத்தம் 1750 வெள்ளி. இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1700. முழு மாதம் உழைத்து ஒரு காசு செலவு செய்யாமல் வைத்திருந்தாலும் சாவி கைக்கு வராது. தெருவுக்கு வந்துவிட்டவர் திரும்பி ஏற முடியாமல் போவது சோம்பேறித்தனத்தால் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நாங்கள் சிலர் சேர்ந்து முன்பணம் போட்டு, ஒரு கடைக்கு மேல் அந்த ஐயாவுக்கு அறை பிடித்தோம். பிறகு நடந்தவற்றைப் பார்த்துத்தான் நான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன். முகவரி கிடைத்ததும் சமூக நல இலாகாவில் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட முடிந்தது. இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க முடிந்தது. அதுவரை ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து வெயிலில் பையோடு சுற்றிக்கொண்டிருந்தது. காலில் ஆறாமல் இருந்த புண் ஆறியது. எங்களில் ஒருவர் வாரம் ஒரு நாள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார், அவ்வளவுதான். டாக்டர் மாறவில்லை, மருந்து மாறவில்லை. பூட்டிக்கொள்ள ஒரு கதவு இருந்தது.

கனடாவில் இதையே அரசாங்கப் பணத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2009 முதல் 2013 வரை, வான்கூவர், வின்னிபெக், டொரொண்டோ, மொன்றியல், மொங்க்டன் என்று ஐந்து நகரங்களில், 11 கோடி டாலர் செலவில், மனநலச் சிக்கலோடு வீடில்லாமல் இருந்த சுமார் 2000 பேரை வைத்து. ஒரு பிரிவினருக்கு, குடியை விடு, சிகிச்சைக்கு ஒத்துக்கொள் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் முதலில் வீடு, பிறகு துணைக்கு ஆள். மற்றவர்களுக்கு வழக்கமான சேவைகள். கடைசி ஆறு மாதத்தில் முழுக்க வீட்டில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 62 சதவீதம், மற்றதில் 31 சதவீதம். வாடகையில் அவர்கள் பங்கு வருமானத்தில் 30 சதவீதம் வரை, மீதி அரசாங்கம். அங்கேயும் தெருவில் கூடாரம் போட்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை உங்கள் அத்தை மகனே சொல்வார். பலன் தரும் வழி என்று தெரிந்தும் எல்லாருக்கும் போதுமான வீடு ஒதுக்கவில்லை.

இங்கே அதைப் போட்டுப் பார்ப்போம். முதியோர் உதவித்தொகை 2021-இல் 500 வெள்ளி ஆனது, 2025 பட்ஜெட்டில் 600 ஆக்கினார்கள். 500 வெள்ளி வாடகை போனால் சாப்பாட்டுக்கு மாதம் 100. அதில் யார் உயிர் வாழ முடியும்? 30 சதவீதக் கணக்குப்படி அவர் 180 கொடுத்து, மீதி 320-ஐ அரசாங்கம் போட்டால் ஓர் அறை நிலைத்துவிடும். புதுக் கட்டடம் வேண்டாம். ஜாலான் துன் பேராக் முதல் சௌகிட் வரை காலியாகக் கிடக்கும் கடை மாடிகளைப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதல் நாளே காசு நீட்டாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். குந்தி உட்கார்ந்து "ஐயா, சாப்டீங்களா" என்று கேளுங்கள். சில நாள் கழித்து ஐசி இருக்கிறதா, என்ன நிறம் என்று கேளுங்கள். நீலம் என்றால் குடிமகன், மேலே சொன்ன வழியெல்லாம் திறந்திருக்கிறது. சிவப்பு நிரந்தரவாசி, இங்கேயே பிறந்து வளர்ந்தும் சிவப்போடு நிற்கும் நம் பெரியவர்கள் உண்டு, அவர்களுக்குப் பல உதவிகள் கிடைக்காது. அவருக்குச் சம்மதம் என்றால் 'தாலியான் காசிஹ்' 15999-க்கு அழையுங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சம்மதம் இல்லாமல் அழைக்காதீர்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் யோசிக்காமல் 999. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் ஜாலான் பாராட்டில் இருக்கும் கெச்சாரா உணவுக்கூடத்துக்குப் போய்ப் பேசுங்கள். 2014-இல் லாட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் தெருவில் உணவு கொடுக்கக் கூடாது என்று அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தபோது, பொதுமக்கள் எழுப்பிய எதிர்ப்பில்தான் இந்த வேலை தொடர முடிந்தது.

உங்கள் விஷயம். மேலே சொன்ன அரசாங்க இல்லம், உதவித்தொகை எதுவும் வேலை அனுமதியில் வந்த உங்களுக்குக் கிடையாது. வேலை இழந்தோருக்கான காப்புறுதியும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலையிடத்து விபத்துக்கு 2019 ஜனவரியிலிருந்து சொக்சோ எனும் தொழிலாளர் காப்புறுதி உங்களுக்கும் உண்டு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இபிஎஃப் எனும் சேமநிதிக்கு 2 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளியும் அதே அளவு போட வேண்டும். சம்பளச் சீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம், கொடுக்காதீர்கள். வேலை போனால் அனுமதியும் அதோடு ரத்தாகும் என்பதால், ஊர் திரும்ப டிக்கெட் காசும் மூன்று மாத வாடகையும் தொடாமல் தனியாக வையுங்கள். எல்லாம் கைமீறிப் போனால் மொண்ட் கியாராவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, உண்மையிலேயே கதியற்ற இந்தியக் குடிமக்களுக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், ஊர் திரும்ப விமானச் சீட்டு வரை கொடுக்க வழி உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகு போகாதீர்கள், முன்னாலேயே போங்கள்.

கடைசியாக ஒன்று. பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சு பொதுமக்களின் யோசனைகளை இணையத்தில் கேட்கும். உங்கள் அலுவலகத்து மலேசிய நண்பர்களிடம் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: தெருவிலிருந்து வருபவருக்கு அறை முன்பணம், மாத வாடகையில் பாதிக்கு மேல் மானியம், பத்து அறைக்கு ஒரு சமூகப் பணியாளருக்குச் சம்பளம்.