24 சதவீதம்… எதில்?

வாசகர் கேள்விகள்: தோல் மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கத்தி இல்லாமல், ஊசி இல்லாமல் சதையைக் கரைக்கும் லேசர். பெயர்களை எடுத்துவிட்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மற்றபடி கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கிறது.

எனக்கு வயது 38. எடை 74 கிலோ. லேசரில் 25 நிமிடம் படுத்தால் போதும், 24 சதவீதம் கொழுப்பு போய்விடும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். 74-ல் 24 சதவீதத்தைக் கழித்தால் 56 வருகிறது. மூன்று மாதத்தில் 56 கிலோவுக்கு வந்துவிடுவேனா டாக்டர்?

கணக்கு சரிதான். கழித்த இடம்தான் தப்பு.

அந்த 24 உங்கள் எடையில் இல்லை. உடம்பிலுள்ள மொத்தக் கொழுப்பிலும் இல்லை. லேசரின் தலைப்பகுதியை எங்கே வைத்துக் கட்டுகிறார்களோ, அந்த இடத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்கின் கனத்தில் 24 சதவீதம். அதுவும், அந்த விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள், ‘24 சதவீதம் வரை’ என்று இருக்கும். அந்த ‘வரை’ எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும்!

நீங்களே கணக்குப் பிரியர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். தொப்புளைச் சுற்றி 20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள இடத்தில் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். அங்கே கொழுப்பு அடுக்கு 3 செ.மீ. கனம். மொத்தம் 900 கன சென்டிமீட்டர் கொழுப்பு. விளம்பரம் சொல்லும் உச்சபட்சம் அப்படியே கிடைத்தால் 216 கன சென்டிமீட்டர் குறையும். கொழுப்பு தண்ணீரைவிட லேசு, கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம்தான். ஆக, 200 கிராம்கூட இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் ஏறிவிடும் எடை. எடை மெஷின் இதைக் கண்டுகொள்ளாது.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா? இல்லை. 3 செ.மீ. கனம் 2.3 செ.மீ. ஆவது கைக்குத் தெரியும். குறிப்பிட்ட ஒரு உடுப்பு உட்காரும் விதத்தில் தெரியும். என் அறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எந்தத் துணி, எந்த இடத்தில் பிடிக்கிறது?” என்றுதான். “பட்டனுக்கு மேலே வழிகிற இந்த மடிப்பு டாக்டர்” என்று விரலால் பிடித்துக் காட்டுகிறவருக்கு இந்த லேசர் பயன்படலாம். “ஒல்லியாகணும்” என்று வருகிறவருக்குப் பயன்படாது.

ஒளியின் அலைநீளத்தை வைத்து 1060 நானோமீட்டர் என்று சொல்லப்படும் இந்த லேசருக்கு 2015-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தபோது, வயிறு, இடுப்பின் பக்கவாட்டுச் சதை என்று இடம் குறித்துத்தான் கொடுத்தது. உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 30-க்கு மேல் போகாதவர்களுக்கு என்ற வரம்பும் உண்டு. உங்கள் உயரத்தை நீங்கள் எழுதவில்லை. 157 செ.மீ.க்குக் குறைவு என்றால், 74 கிலோவில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். அதைச் சொல்லாமல் உங்களைப் படுக்க வைக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வயது 46, ஆண். கை, கால் எல்லாம் ஒல்லி, தொப்பை மட்டும் கல் மாதிரி முன்னால் நிற்கிறது. சர்க்கரையும் ‘பார்டரில்’ இருக்கிறது என்கிறார்கள். தொப்பையை லேசரில் கரைத்தால் சர்க்கரையும் இறங்குமா?

‘கல் மாதிரி’ என்று எழுதினீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. நேராக நின்று, தொப்பையை மூச்சால் உள்ளே இழுக்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். விரலுக்குள் வருவது மட்டும்தான் தோலடிக் கொழுப்பு. லேசரின் வேலை அதோடு சரி. உங்களுக்கு அனேகமாக ஒன்றும் பிடிபடாது. உங்கள் தொப்பையை முன்னால் தள்ளுவது வயிற்றுத் தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பு. லேசரின் சூடு அங்கே போகாது, போகவும் கூடாது.

சர்க்கரை விஷயத்தில் 2004-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். உடல் பருமனுள்ள 15 பெண்களுக்கு, லைப்போசக்‌ஷன் அறுவை சிகிச்சையில் ஒன்பது, பத்து கிலோ தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. கிலோக் கணக்கில் எடுத்தே அப்படி என்றால், 200 கிராமை நம்பி நீங்கள் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே இருக்கும் அந்தக் கொழுப்பு, நடைக்கும் குறைத்துச் சாப்பிடுவதற்கும் தோலடிக் கொழுப்பைவிட நன்றாகவே அசைந்து கொடுக்கும். ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம்.

லேசர் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. தொட்டால் வலிக்கிறது, உள்ளே பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. சதை துளிகூடக் குறையவில்லை. ஆனால் கிளினிக்கில் எடுத்த போட்டோவில் மட்டும் குறைந்த மாதிரி இருக்கிறது! நான் ஏமாந்துவிட்டேனா?

மூன்று வாரத்தில் குறையாதது இயல்புதான். மூன்று வாரத்தில் போட்டோவில் குறைந்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த லேசர் கொழுப்பை அங்கேயே உருக்கி ஓட விடுவதில்லை. கொழுப்புச் செல்களை 42 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிச் சேதப்படுத்துகிறது. மேல்தோல் வெந்துவிடாமல் இருக்கத்தான் கூடவே குளிர்ச்சியும் கொடுக்கிறார்கள். இப்படி அடிபட்ட செல்கள் மெல்ல மெல்லச் சாகும். அவற்றை அப்புறப்படுத்துவது மெஷின் அல்ல, உங்கள் உடம்பின் துப்புரவுச் செல்கள்தான். அவற்றுக்கு அவசரமே கிடையாது. ஆறாவது வாரத்தில் ஏதோ தெரிய ஆரம்பிக்கும், பன்னிரண்டாவது வாரத்தில்தான் தீர்ப்பு சொல்லலாம். அதற்கு முன்பே “இன்னொரு சிட்டிங் போட்டுக்கலாம்” என்று யாராவது அவசரப்படுத்தினால், முதல் சிட்டிங் என்ன செய்தது என்று பார்க்கும் ஆசை அவருக்கு இல்லை என்று அர்த்தம்.

வலி, லேசான வீக்கம், உள்ளே சிறு முடிச்சுகள் எல்லாம் வரக்கூடியவைதான். முடிச்சு பெரும்பாலும் தானாகக் கரையும். ஆனால் தோல் சிவந்து கொப்புளம் வந்தாலோ, நிறம் மாறினாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, முடிச்சு பெரிதானாலோ உடனே காட்டுங்கள். முடிச்சு சிகிச்சைக்கு முன்பே இருந்தது என்றால் அது வேறு சமாச்சாரம், அதையும் காட்டத்தான் வேண்டும்.

இப்போது போட்டோ. இதில் நான் யோக்கியம் பேச முடியாது. பல வருடங்களுக்கு முன்னால், என்னிடம் இருந்த ‘முன்–பின்’ படங்களை ஒரு நாள் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முன் படங்களில் தலைக்கு மேலே லைட், பின் படங்களில் முகத்துக்கு நேரே லைட். மேலிருந்து விழும் வெளிச்சம் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் போடும். நேர் வெளிச்சம் மடிப்பையே அழித்துவிடும். இடையில் நாங்கள் அறை மாறியிருந்தோம், அவ்வளவுதான், யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. மொத்தப் படங்களையும் அழித்தேன். இப்போது தரையில் பாதம் வைக்க ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன், கேமரா ஸ்டாண்டின் உயரம் மாறாது, மூச்சை வெளியே விட்ட பிறகுதான் படம். உங்கள் இரண்டு படங்களிலும் உள்ளாடைப் பட்டை அதே உயரத்தில் இருக்கிறதா, தோள் நிமிர்ந்திருக்கிறதா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். இரண்டு நாளின் எடையையும் கேட்டு வாங்குங்கள். மூன்று கிலோ இறங்கிய ஒருவரின் இடுப்பு குறைந்ததற்கு லேசர் மாலை போட்டுக்கொள்ளக் கூடாது அல்லவா?

லேசர் லைப்போ, லேசர் லைப்போசக்‌ஷன், கோல்டு லேசர்… எல்லாம் ஒன்றா?

இல்லை. லேசர் லைப்போசக்‌ஷனில் தோலில் சிறு துளை போட்டு ஒளியிழையை உள்ளே விடுவார்கள். மரத்துப்போகும் ஊசி உண்டு. அது சிறிய அறுவை சிகிச்சையேதான். மேலே நான் சொன்ன 1060 நானோமீட்டர் வகை, வெளியிலிருந்தே சூடாக்குவது. ‘கோல்டு லேசர்’, அதாவது ‘குளிர் லேசர்’ எனப்படும் 635 நானோமீட்டர் சிவப்பு ஒளி சூடாக்குவதே இல்லை. அது கொழுப்புச் செல்லைக் கொல்லாமல் உள்ளிருப்பதைக் கசிய வைக்கிறது என்பது அதைச் செய்தவர்கள் தரும் விளக்கம். செல் உயிரோடு இருந்தால் மறுபடி நிரம்பத் தடையேதும் இல்லை. ‘லேசர்’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், எத்தனை நானோமீட்டர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

நான் கறுப்பு. லேசர் தோலைச் சுட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

முடி நீக்கும் லேசரை வைத்துச் சொல்லியிருப்பார்கள். அங்கே முடியின் நிறமியைத்தான் குறிவைப்பார்கள், அதனால் கறுத்த தோலில் கூடுதல் கவனம் தேவை. 1060-ஐ தோலின் நிறமியான மெலனின் அவ்வளவாக உறிஞ்சாது. எல்லா நிறத்தவருக்கும் செய்யலாம். ஆனால் குளிர்ச்சி சரியாகப் படாவிட்டால் எந்த நிறத் தோலும் சுடும். “சூடு தாங்க முடியவில்லை” என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

இரண்டு பிரசவத்துக்குப் பிறகு அடிவயிறு தொங்குகிறது. சின்னவனுக்கு ஒன்றரை வயது. எடை பழையபடி ஆகிவிட்டது, வயிறு மட்டும் ஆகவில்லை. லேசர் செய்துகொள்ளலாமா?

மல்லாந்து படுங்கள் அம்மா. முழங்காலை மடக்கி, தலையை மட்டும் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களை வைத்து அழுத்துங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் உள்ளே இறங்கினால், வயிற்றின் இரு பக்கத் தசைகளும் கர்ப்பத்தில் விலகியவை இன்னும் சேரவில்லை என்று கொள்ளலாம். அது கொழுப்பு இல்லை. அதற்கு உடற்பயிற்சி நிபுணர் சொல்லித்தரும் தனிப் பயிற்சிகள் உண்டு. இருமும்போது தொப்புள் பிதுங்கினால் குடலிறக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், குடலிறக்கத்தின் மேல் லேசர் கூடாது.

அடுத்து தோல். பிடித்தால் மெல்லிய துணி மாதிரி வருகிறதா, தடித்த போர்வை மாதிரி வருகிறதா? துணி மாதிரி என்றால் கொழுப்பு குறைவு, தோல்தான் மிச்சம். அங்கே போய்க் கொழுப்பைக் குறைத்தால் தொய்வு கூடித் தெரியும். எடை பழையபடி ஆகிவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்களுக்கு இதுதான் என்று சந்தேகப்படுகிறேன். தொங்கும் தோலை வெளியிலிருந்து சூடாக்கி ஏற்ற முடியாது. அறுவை சிகிச்சையால் முடியும், அதற்குத் தழும்பும் ஓய்வும் உண்டு. இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

கரைந்த கொழுப்பு வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாமே?

செத்த செல் எங்கேயும் போய் ஒட்டாது. ஆனால் எடை ஏறினால் கொழுப்பு எங்காவது தங்கத்தானே வேண்டும்? மிச்சமிருக்கும் செல்கள் ஊதும், சிகிச்சை செய்த இடத்திலும்தான். மூன்று மாதத்தில் குறைந்ததை ஒரு விடுமுறையில் திருப்பிக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு 19 வயது. ஒல்லிதான். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று தொடையைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். லேசர் செய்துவிட்டால் நிம்மதியாகிவிடுவாள் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எத்தனை சிட்டிங் ஆகும்?

பணத்தை அப்படியே வைத்திருங்கள் அம்மா.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இன்னும் சில வரிகள் எழுதியிருந்தீர்கள், அவற்றை அச்சில் போடவில்லை. தோழிகளோடு வெளியே போவதை நிறுத்திவிட்டாள், சாப்பாட்டை மறைத்து வைக்கிறாள் என்றெல்லாம். இல்லாத குறையை மனம் பெரிதாகக் காட்டும் நோய் ஒன்று உண்டு. அது உள்ளவர்களுக்கு அழகு சிகிச்சை செய்தால் நிம்மதி வராது, குறை வேறு இடத்துக்கு மாறும். தொடை முடிந்தால் கை, கை முடிந்தால் முகம். ஆரம்ப காலத்தில், அடையாளம் புரியாமல் ஒருவருக்கு நான் செய்தேன். அளவு குறைந்தது. அவர் அழுதுகொண்டேதான் போனார். உங்கள் மகளுக்கு இந்த நோய்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பாட்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறைக்குள் அவளைத் தனியாகப் பேச விடுங்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் செய்துகொள்வீர்களா டாக்டர்?

செய்துகொண்டேன். இடுப்பின் இடது பக்கம் மட்டும். மெஷின் வந்த புதிதில், இரண்டு பக்கமும் செய்தால் எதோடு ஒப்பிடுவது என்று வலதை விட்டுவைத்தேன். முதல் சில நிமிடங்கள் இதமாக இருந்தது. பிறகு சூடு ஏறி ஏறி ‘போதும்’ என்று சொல்லப்போகும் நேரத்தில் இறங்கும், மறுபடி ஏறும். இரண்டு வாரம் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து, மடிப்பை அளக்கும் காலிப்பரில் இடது பக்கம் 44 மி.மீ.யிலிருந்து 36 ஆகியிருந்தது. வலது அதே 44. டேப்பில் இடுப்புச் சுற்றளவு 1 செ.மீ.கூட மாறவில்லை. வீட்டில் கணவரை நிற்க வைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டேன். நன்றாகப் பார்த்துவிட்டு வலது என்றார். எனக்கு மட்டும் கையை வைத்தால் வித்தியாசம் தெரியும். அந்த எட்டு மில்லிமீட்டர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வலது பக்கத்தை இன்னும் செய்யவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.