1794 முதல் 1836 வரை: ஆரம்பகால அமெரிக்க வெள்ளிக்காசுகள் – கேள்வி பதில்

பிலடெல்பியா நாணயச்சாலை தொடங்கிய நாளிலிருந்து நீராவி அச்சு இயந்திரம் வரும்வரை அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகள் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை. விலை கேட்பவர்கள் முதலில் எடையைச் சொல்லுங்கள். எடை தெரியாத காசுக்கு விலை சொல்ல முடியாது.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 1804 என்று போட்ட டாலர் ஒன்று கிடைத்தது. அகலம் 39.5 மில்லிமீட்டர், எடை 23.4 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை. என்ன விலை போகும்?

போலி. காந்தம் இதில் எதையும் சொல்லாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. எடைதான் சொல்கிறது. 1792 சட்டப்படி டாலரின் எடை 416 கிரெயின், அதாவது 26.96 கிராம். நன்றாகத் தேய்ந்த காசுகூட 26 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். அளவு சரியாக இருந்து எடை மட்டும் 23 சொச்சம் என்றால், அது பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் வெள்ளிப்பூச்சு.

1804 என்ற ஆண்டே ஒரு எச்சரிக்கைதான். அந்த ஆண்டு நாணயச்சாலை 19,570 டாலர்கள் அடித்ததாகக் கணக்கு இருக்கிறது, ஆனால் அவை 1803-க்கோ அதற்கு முன்போ உரிய பழைய அச்சுகளில் அடித்தவை. 1804 என்று பொறித்த டாலர்கள் முதலில் வந்தது 1834-35 வாக்கில், மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் கொடுக்க வேண்டிய பரிசுப் பெட்டிகளுக்காக. பிறகு 1858-ஐ ஒட்டி நாணயச்சாலை ஊழியர்கள் ரகசியமாகச் சில அடித்தார்கள். எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை டஜனைத் தாண்டாது. அப்படியொன்று யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டுப் பெட்டியில் கிடப்பதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அடர்த்தி பார்த்தால் தெரியும் என்கிறார்கள். வீட்டில் எப்படிச் செய்வது?

0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு தம்ளர் காய்ச்சி வடித்த நீர் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க நீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டுவது காசு வெளியேற்றிய நீரின் எடை. உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

நல்ல டாலருக்கு 26.96-ஐ 2.62-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். விடை சுமார் 10.3. கேள்வி கேட்ட முந்தைய நண்பரின் காசு 8.9 பக்கம் வரும். நீரில் காசின்மேல் குமிழி ஒட்டியிருந்தால் தராசு எண் கூடும், அடர்த்தி குறைந்து நல்ல காசும் போலி போலத் தெரியும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டால் குமிழி நிற்காது. முடிந்ததும் மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

சட்டம் சொன்ன வெள்ளித் தூய்மை 0.8924. ஆனால் 1794, 1795 காசுகளில் 0.900 இருக்கும். நாணயச்சாலையில் உலோகத் தூய்மையைச் சோதித்த ஆல்பியன் காக்ஸ், சட்டக் கலவை கறுத்துவிடும் என்று பிடிவாதம் பிடித்ததால் அப்படி நடந்தது. கூடுதல் வெள்ளிக்கான நஷ்டம் காசாக அடித்துத்தரச் சொல்லி வெள்ளி கொடுத்தவர்கள் தலையில் விழுந்தது. உங்கள் தராசில் இந்த வித்தியாசம் தெரியாது.

கேள்வி: எடை 26.9, அடர்த்தி 10.3. அப்படியானால் அசல்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இப்போது வரும் நல்ல போலிகள் சரியான வெள்ளியில்தான் வருகின்றன. அடுத்த படி அச்சு ஒப்பீடு. அந்தக் காலத்தில் நட்சத்திரம், எழுத்து, ஆண்டு எண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் தட்டி அச்சு செய்தார்கள். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்று போல் இருக்காது. அரை டாலருக்கு ஓவர்டன் எண், டாலருக்குப் போவர்ஸ்-போர்கார்ட் எண் என்று எல்லா அச்சு ஜோடிகளும் (முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும்) பட்டியலாகியிருக்கின்றன. உங்கள் காசு அவற்றில் ஏதாவது ஒன்றோடு பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் ‘புதிய வகை கண்டுபிடித்தேன்’ என்று குதிக்கும் முன் போலியா என்று பாருங்கள்.

1794 டாலரில் இது இன்னும் எளிது. மொத்தமே ஒரே ஜோடி அச்சு. அக்டோபர் 15 அன்று ஒப்படைத்தவை 1,758. பெரிய காசுக்குப் போதாத இயந்திரம், அச்சுகளும் இணையாக அமையவில்லை. அதனால் முன்பக்கத்தின் இடதுபுற நட்சத்திரங்கள் மங்கலாகவே விழுந்தன. எல்லா நட்சத்திரமும் ஒரே கூர்மையோடு நிற்கும் 1794 டாலரைக் காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

அசல் காசிலிருந்தே அச்சு எடுத்துச் செய்யும் போலிகள்தான் ஆபத்து, ஏனென்றால் அவை பட்டியலோடு பொருந்தும். ஆனால் மூலக்காசில் இருந்த அடி, கீறல் எல்லாம் ஒவ்வொரு நகலிலும் அதே இடத்தில் வரும். கன்னத்தில் ஒரே வடு உள்ள இரண்டு காசுகளை இணையத்தில் பார்த்தால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

விளிம்பையும் பாருங்கள். டாலர் விளிம்பில் ‘ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்’ என்றும், அரை டாலரில் ‘ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்’ என்றும் எழுத்து ஓடும். முகம் அடிக்கும் முன்பே வில்லையை, அதாவது அச்சடிக்காத வெறும் வட்டத்தகட்டை, தனி இயந்திரத்தில் உருட்டிப் பதித்த எழுத்து அது. அதனால் சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும் நசுங்கியிருப்பதும் இயல்பு. விளிம்பைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடு ஓடினால்தான் கவலை: வார்ப்பு, அல்லது இரண்டு ஓடுகளை ஒட்டிய மின்முலாம் நகல்.

கேள்வி: 1795 டாலரில் தலைமுடி மேல் இணையாகப் பல கோடுகள், நடுவில் வட்டமாக ஒரு தழும்பும் இருக்கிறது. யாரோ அரத்தால் ராவிக் கெடுத்துவிட்டார்களா?

ராவியது உண்மை, ஆனால் ராவியது நாணயச்சாலையே. வில்லை எடை கூடியிருந்தால் அச்சடிக்கும் முன் அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்கள். எடை குறைந்திருந்தால் நடுவில் துளையிட்டு ஒரு வெள்ளித்துண்டைச் செருகி அடித்தார்கள்; உங்கள் வட்டத் தழும்பு அதுவாக இருக்கலாம். செருகுதுண்டு உள்ளதை ஏலத்தில் தனி வகையாகவே மதிக்கிறார்கள்.

பிற்காலக் கீறலிலிருந்து இதைப் பிரிப்பது எப்படி? பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். அச்சடிக்கும் முன் போட்ட கோடு அழுத்தத்தில் மழுங்கி, எழுத்துகளுக்கு அடியில் போவது போல் தெரியும். விளிம்பிலும் மேடான நடுப்பகுதியிலும் மட்டும் தப்பி நிற்கும். பின்னால் விழுந்த கீறல் எழுத்தையும் அறுத்துக்கொண்டு போகும், ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும்.

கேள்வி: 2013-இல் 1794 டாலர் ஒன்று 1 கோடியே 16 ஆயிரத்து 875 டாலருக்குப் போனதாகப் படித்தேன். அதென்ன இப்படி ஒரு எண்?

ஏலக் கட்டணத்தின் கைவரிசை. கேட்ட விலை 85 லட்சத்து 25 ஆயிரம். அதன்மேல் வாங்குபவர் கட்டணம் 17.5 சதவீதம். கூட்டினால் நீங்கள் சொன்ன எண். அந்தக் காசுக்குப் பிசிஜிஎஸ் என்ற தரச்சான்று நிறுவனம் எஸ்பி 66 (சிறப்பாக அடித்த காசு, 70-க்கு 66) கொடுத்தது, அதில் செருகுதுண்டும் உள்ளது. சாதாரண 1794 டாலர் எதற்கும் அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

நீங்கள் ஏலம் கேட்கும்போது இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். கையில் 3,000 டாலர், கட்டணம் 20 சதவீதம் என்றால் 3,000-ஐ 1.2-ஆல் வகுத்து 2,500-இல் நிறுத்த வேண்டும். தபால், காப்பீடு, வரி இதற்கு வெளியே. கட்டண விகிதம் ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விதிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் முதலீடாக நல்லதுதானே அண்ணா?

ஒரே காசின் இரண்டு விற்பனையைப் பாருங்கள். மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகக் கருதப்படும் 1804 டாலர் 1999-இல் 41 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கும், 2021-இல் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கும் விற்றது. பார்க்க இரட்டிப்புக்குப் பக்கம். ஆனால் 2021 எண்ணில் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதத்தைக் கழித்தால் 64 லட்சம். 22 ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு சுமார் 2 சதவீதம். வங்கியில் போட்டிருக்கலாம். காசைப் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: 1796 கால் டாலர் 6,146, 1804 கால் டாலர் 6,738. கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. முன்னது மட்டும் ஏன் இவ்வளவு விலை?

காசு எத்தனை இருக்கிறது என்பதைவிட எத்தனை பேருக்கு அது தேவை என்பதுதான் விலையை ஏற்றுகிறது. ‘வகைக்கு ஒன்று’ என்று சேர்ப்பவருக்குப் பின்பக்கத்தில் சிறிய கழுகு கொண்ட கால் டாலர் 1796-ஐத் தவிர வேறு ஆண்டில் கிடையாது. 1804-இன் பெரிய கழுகோ 1805, 1806, 1807-இலும் வந்தது. அவற்றில் ஒன்றை மலிவாக வாங்கி அந்த இடத்தை நிரப்பிவிடலாம். எரிக் நியூமன் சேகரிப்பிலிருந்த அபாரமான 1796 ஒன்று 2013-இல் 15 லட்சத்து 27 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது.

ஆனால் தேயாத நிலையில் 1804-தான் அரிது. 1796 முதல் ஆண்டு என்பதால் பலர் எடுத்து வைத்தார்கள்; 1804-ஐ யாரும் பொருட்படுத்தவில்லை, செலவழித்துவிட்டார்கள்.

கேள்வி: கறுத்துப்போயிருக்கிறது. எலுமிச்சை, சோடா உப்பு போடலாமா?

வேண்டாம். அந்தக் கறுப்புதான் விலை. பளிச்சென்று கழுவிய காசுக்குத் தரச்சான்று நிறுவனங்கள் எண் கொடுக்காமல் ‘டீடெயில்ஸ்’ என்று எழுதிவிடும். நல்ல காசின் விலையில் பாதி வந்தாலே அதிகம். பழைய பிவிசி உறையிலிருந்து பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறியிருந்தால் மட்டும் தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து எடுத்து, தேய்க்காமல் உலரவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. நகப்பூச்சு நீக்கும் திரவம் சேராது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

கேள்வி: கையில் 200 டாலர்தான். எதில் தொடங்கலாம்?

1807 முதல் 1836 வரையிலான அரை டாலர். எடை 13.48 கிராம், அகலம் 32.5 மில்லிமீட்டர். சாதாரண ஆண்டுகளில் விஎஃப் (மிதமாகத் தேய்ந்த) தரத்தில் ஒன்று இந்தப் பணத்துக்குள் கிடைக்கும், அதுவும் கழுவாததாக. இவ்வளவு பழைய காசு இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கனம் சற்றே குறைந்த அமெரிக்க டாலரைக் கரீபியத் தீவுகளில் ஸ்பானிய டாலருக்கு ஒன்றுக்கு ஒன்று மாற்றி லாபம் பார்த்தார்கள். அடித்த டாலரெல்லாம் வெளியே போனதால் 1804-க்குப் பிறகு டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வங்கிகள் இருப்பு வைக்க அரை டாலரைத்தான் நம்பின. பையில் கட்டி வங்கிக்கு வங்கி நகர்ந்ததால் அதிகம் தேயாமல் நிறையத் தப்பின.

சுவாரசியமும் இங்கேதான். இந்த முப்பது ஆண்டில் சுமார் 450 அச்சு ஜோடிகள். ஒரே ஆண்டின் காசெல்லாம் ஒரே முகம் போல் தெரியும். நட்சத்திரத்தின் முனை விளிம்பை ஒட்டிய எந்தப் பல்லைப் பார்க்கிறது என்று எண்ணினால்தான் பிடிபடும். உலகில் பன்னிரண்டுக்குள் இருக்கும் ஆர்-7 வகையைச் சாதாரண விலைக்கு எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஏனென்றால் விற்பவர் எண்ணிப் பார்க்கவில்லை. 1815 மட்டும் வேறு கதை: அடித்தது 47,150, உங்கள் 200 டாலரைக் கொண்டு அதன் பக்கம் போகாதீர்கள். 1809-இல் விளிம்பு எழுத்துகளுக்கு இடையே எக்ஸ் வடிவக் குறிகளோ நேர்கோடுகளோ நெருக்கமாக இருந்தால் பத்திரமாகத் தனியே எடுத்து வையுங்கள், அது நாணயச்சாலை சோதித்துப் பார்த்த விளிம்பு.

கேள்வி: ஸ்லாபில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ஸ்லாப் என்பது தரச்சான்று நிறுவனம் காசை அடைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி. அதற்கே போலி இருக்கிறது. சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் அசல் எண்ணைத் திருடித்தான் அச்சிடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் கன்னத்திலும் உருவமில்லாத வெற்றுப் பரப்பிலும் உள்ள இரண்டு மூன்று வடுக்களைக் கையிலுள்ள காசோடு ஒப்பிடுங்கள். படம் இல்லாத பழைய ஸ்லாபாக இருந்தால், அதே காசு முன்பு ஏலத்தில் வந்திருக்கிறதா என்று ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் தேடுங்கள்; பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன.