பயனீட்டாளர் கேள்வி-பதில்: ரவுட்டர் உங்களுடையது, பாஸ்வேர்ட் யாரிடம்?

எங்கள் மளிகைக் கடைக்கு ரவுட்டரும் கேமராவும் மாட்டிக் கொடுத்தவர், "கோளாறு வந்தால் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்று டெல்நெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். பாஸ்வேர்ட் 'அட்மின்'தான். இரண்டு மாதமாக இணையம் ஊர்கிறது. கேட்டால் புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?
— கடைக்காரர், சுங்கை சிப்புட்

வாங்காதீர்கள். அவரிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

டெல்நெட் என்பது தூரத்திலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி. அதில் பாஸ்வேர்ட் உட்பட எல்லாமே மறைப்பில்லாமல் போகும். அதை வெளி இணையத்துக்குத் திறந்து, தொழிற்சாலை பாஸ்வேர்டையும் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை 2016-லேயே உலகம் பார்த்துவிட்டது. மிராய் என்ற நிரல், டெல்நெட்டுக்கான 23, 2323 போர்ட்டுகளை (கருவியின் இணைய வாசல்களை) தட்டி, அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. இத்தனை வருடம் கழித்தும் 'ரிமோட் சப்போர்ட்' என்ற பெயரில் இதையே செய்து காசு வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் செய்வதில்லை. எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் வழியை அமைக்கப் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

வரிசை முக்கியம். முதலில் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள். பிறகு ரவுட்டர், கேமராப் பெட்டி இரண்டையும் அணைத்து எழுப்பி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். மிராய் வகை நிரல்கள் பெரும்பாலும் நினைவகத்தில்தான் குடியிருக்கும். மின்சாரம் போனால் போய்விடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு கம்பியை மாட்டினால் சில நிமிடங்களிலேயே திரும்பி வந்து உட்காரும். அதனால் கம்பி வெளியே இருக்கும்போதே இரண்டிலும் பாஸ்வேர்டை மாற்றி, டெல்நெட்டையும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டையும் அணையுங்கள். ரவுட்டரில் 'யூபிஎன்பி' (UPnP) என்ற வசதியையும் அணையுங்கள், கேமராப் பெட்டி நம்மைக் கேட்காமல் போர்ட் திறப்பது அதன் வழியாகத்தான். தயாரிப்பாளரின் புது ஃபர்ம்வேர் (கருவியின் உள்நிரல்) இருந்தால், வேறு இணைப்பில் இறக்கி இப்போதே ஏற்றுங்கள். கடைசியில்தான் கம்பி.

தூரத்திலிருந்து நுழைய ஆள் கட்டாயம் வேண்டுமென்றால், ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரவுட்டருக்கான இலவச இயங்குதளம்) ஓடும் ரவுட்டரில் ட்ராப்பியர் என்ற சின்ன எஸ்எஸ்எச் சர்வர் கூடவே வரும். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேஷன், எஸ்எஸ்எச் அக்சஸ் என்று போனால் இன்டர்ஃபேஸ் கட்டம் இருக்கும்; அதில் 'லேன்' (LAN, கடையின் உள்வலை) போடுங்கள். வெளியிலிருந்து வருபவர் முதலில் வயர்கார்ட் என்ற மறைப்புள்ள விபிஎன் வழியாக உள்ளே வந்து, பிறகு எஸ்எஸ்எச் பிடிக்கட்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக அவரை அடையாளம் காட்டும் பொதுச்சாவியைப் பக்கத்திலுள்ள 'எஸ்எஸ்எச் கீஸ்' தாவலில் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட்டு, அவருக்குக் கொடுத்த வயர்கார்ட் இணைப்பையும் நீக்குங்கள். எஸ்எஸ்எச் போர்ட்டை 22-க்குப் பதில் 2222 என்று போடுவது பாதுகாப்பு ஆகாது, லாக்கில் குப்பை குறையும்.

அடுத்த முறை மாட்ட வருகிறவரிடம் மாடல், வன்பொருள் பதிப்பு, அட்மின் பாஸ்வேர்ட், திறந்த போர்ட்டுகள் நான்கையும் ரிசிட்டில் எழுதி வாங்குங்கள். எழுதாதவருக்குக் காசு கிடையாது.

ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரின் எஸ்எஸ்எச் பக்கத்தில் பாஸ்வேர்ட் நுழைவை அணைத்துவிட்டேன். இப்போது புட்டி (எஸ்எஸ்எச்சில் நுழையும் நிரல்) 'சாவியை ஏற்கவில்லை' என்கிறது. ரவுட்டர் கெட்டுவிட்டதா?
— கல்லூரி மாணவர்

இல்லை. சாவி உருவாக்கும் புட்டிஜென்னில் 'சேவ் பப்ளிக் கீ' அழுத்தி வந்த கோப்பை ஒட்டியிருப்பீர்கள். அது பல வரியாக உடைந்திருக்கும், ட்ராப்பியருக்குப் புரியாது. புட்டிஜென் சன்னலின் மேல்கட்டத்தில் உள்ள ஒற்றை நீள வரியைத்தான் நகலெடுக்க வேண்டும்.

உள்ளே போக ஃபெயில்சேஃப் என்ற அவசர நிலை இருக்கிறது. கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, லேன் போர்ட்டில் கம்பி மாட்டுங்கள். ரவுட்டரை எழுப்பி, விளக்கு வேகமாக மினுக்கத் தொடங்கியதும் ரீசெட்டை அழுத்துங்கள். 192.168.1.1-க்கு 'ரூட்' பெயரில் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையலாம். 'மவுன்ட்_ரூட்' கட்டளை கொடுத்த பிறகே சாவிக் கோப்பைத் திருத்துங்கள். அதற்கு முன் உங்கள் அமைப்புகள் அங்கே தெரியாது. இனிமேல் சாவி வேலை செய்வதை இரண்டாவது சன்னலில் பார்த்துவிட்டு பாஸ்வேர்டை அணையுங்கள். இதைச் செய்யாமல் கடையைத் திட்டி எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

ஆன்லைனில் 39 வெள்ளிக்கு ரவுட்டர். எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை இல்லை. வாங்கலாமா?

வேண்டாம்.

ரவுட்டரின் சீரியல் முனையில் மாட்ட '3.3 வோல்ட்' என்று விற்ற யூஎஸ்பி அடாப்டரை வாங்கினேன். மாட்டியதும் ரவுட்டர் செத்துவிட்டது. விற்றவர் என்மேல் பழி போடுகிறார்.
— தோட்டப் பட்டறை ஊழியர்

பழி உங்கள்மேல் இல்லை. இதே சரக்கு ஒன்று என் மேசையறையிலும் கிடக்கிறது: உறையில் 3.3, மீட்டரில் 5. சில மலிவுப் பலகைகளில் ஜம்பரை (மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கும் சின்னச் செருகி) மாற்றினால் மின்சாரம் தரும் விசிசி முனை மட்டுமே 3.3 ஆகும், தரவு அனுப்பும் டிஎக்ஸ் முனை 5-லேயே நிற்கும். அந்த ஐந்துதான் சிப்பைத் தின்கிறது.

சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் மேல்நிலையில் நிற்பதால், கிரவுண்டுக்கும் டிஎக்ஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தாலே தெரிந்துவிடும். மீட்டர் முள்ளும் அடாப்டரும் ஒரே படத்தில் இருக்கும்படி எடுத்து, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்ததை மாட்டும்போது கிரவுண்ட், குறுக்காக டிஎக்ஸ்-ஆர்எக்ஸ் (ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் பெறும் முனையான ஆர்எக்ஸுக்கு), இந்த மூன்று கம்பி போதும். விசிசியைத் தொடாதீர்கள். பல ரவுட்டர்களுக்கு வேகம் 115200, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை.

எண்ணெய் ஆலை எடைப்பாலத்தின் ஆர்எஸ்-232 முனையை இதில் நேராகச் செருகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் மின்னழுத்தம் கூட்டலிலும் கழித்தலிலும் போகும். இடையில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்3232 பலகை வேண்டும்.

செம்பனைத் தோட்டத்து வீட்டில் சிம் ரவுட்டர் மாட்டி, 'எங்கிருந்தும் பார்க்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் சொல்லி 350 வெள்ளி வாங்கினார்கள். ஒருநாளும் வேலை செய்யவில்லை. 'லைன் சரியில்லை' என்கிறார்கள்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ரவுட்டரில் 'வேன்' (WAN, வெளி இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, அது நிறுவனம் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்த உள்முகவரி. வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை அமைத்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. மாட்டியவர் இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். சரியான வழி, பொது முகவரியுள்ள ஒரு சர்வருக்கு ரவுட்டரே வயர்கார்டில் வெளியே கூப்பிடுவது. இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' கட்டத்தில் 25 விநாடி போடுங்கள்.

அவர்களே அதை அமைத்துத் தரட்டும், இல்லையேல் பணம். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் போக வேண்டும், இரு தரப்புக்கும் பொதுவாக வக்கீல் கிடையாது. வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

டிபி-லிங்க் 841என் பழையது ஒன்று வாங்கினேன். புது ஓபன்டபிள்யூஆர்டி ஏறவில்லை. விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

எதற்கு? அவர் ரவுட்டர் என்று சொல்லி ரவுட்டரைத்தான் விற்றார். அந்த மாடலின் பல பதிப்புகளில் 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி நினைவகம்தான். புது ஓபன்டபிள்யூஆர்டிக்கு அது போதாது. அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் படிக்காமல் வாங்கியது நீங்கள்.

புது மடிக்கணினியிலிருந்து பழைய ரவுட்டருக்குப் போனால் 'பொருந்தும் ஹோஸ்ட் கீ வகை இல்லை' என்கிறது. கடைக்காரர் மடிக்கணினி கோளாறு என்று 80 வெள்ளி கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, ஷா-1 கையெழுத்தோடு வரும் பழைய ஆர்எஸ்ஏ முறையை இயல்பில் நிறுத்திவிட்டது. ரவுட்டர் தன்னை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீக்கு அந்தப் பழைய முறை மட்டுமே தெரிந்திருக்கும். ரவுட்டர் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். புதியது வராத ரவுட்டரென்றால், மடிக்கணினியின் எஸ்எஸ்எச் கன்ஃபிக் கோப்பில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பழைய முறையை அனுமதியுங்கள்.