கண்ணாடிக்குள் ஐந்தாவது ஆவி

கேள்வி: சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையை எத்தனையோ பேர் படமாக எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அலஸ்டேர் சிம் நடித்த 1951-ஆம் ஆண்டு கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் டிசம்பர் வந்தால் பலரும் தேடிப்பிடித்துப் பார்க்கிறார்கள். அத்தனைக்கும் அது மூலத்துக்கு விசுவாசமான தழுவல் இல்லை. கதையில் இல்லாதது எவ்வளவோ அதில் இருக்கிறது. பின் எதற்கு இந்தப் பாசம்?
— வாசகி ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: அம்மணி, மூலம், விசுவாசம், தழுவல் என்று மூன்று சொற்களை ஒரே வரியில் வைத்துவிட்டீர்கள். மூலத்தை விட்டுவிடுகிறேன். அதற்கு வேறு டாக்டர் இருக்கிறார். மற்ற இரண்டும் எப்படி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

யாராவது நம்மைத் தழுவும்போது விசுவாசமாகவா தழுவுகிறார்கள்? விசுவாசம் நாய்க்கு வேண்டும், கட்சித் தொண்டருக்கு வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துத் தன் இஷ்டத்துக்கு ஆக்கிக்கொள்வதற்கு நம் மொழி 'தழுவல்' என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைத்தவர் அனுபவஸ்தர். தழுவினால் சட்டை கசங்கும். கசங்கக் கூடாது என்றால் நாலடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு. (மொழிபெயர்ப்பாளர்கள் தயவுசெய்து கடிதம் எழுத வேண்டாம். போன தடவை வந்ததற்கே இன்னும் பதில் போட்டு முடியவில்லை.)

இதே பக்கத்தில் பல வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியர் என்னோடு மல்லுக்கு நின்றது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாவல் படமானால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தியேட்டருக்குப் போவார். எங்கெங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று இருட்டிலேயே குறித்துக்கொள்வார். ஒரு படத்தில் நாற்பத்திரண்டு பிழைகள் கண்டுபிடித்ததாகப் பெருமையோடு எழுதியிருந்தார். படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை என்று பதில் வந்தது. அவர் மட்டும் இந்த 1951 படத்தைப் பார்த்திருந்தால் இரண்டாவது நோட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஸ்க்ரூஜ் என்ற லண்டன் கிழவரைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவியும் அப்புறம் வேறு மூன்று ஆவிகளும் வந்து உலுக்குகின்றன. விடிந்தால் ஆள் மாறிவிடுகிறார். அவ்வளவுதான். நம் ஔவை பணத்தைப் புதைத்து வைப்பவர்களிடம், 'கூடுவிட்டிங்கு ஆவிதான் போயினபின் யாரே அனுபவிப்பார்' என்று கேட்டார். ஔவையிடம் ஆவி போகிறது. டிக்கன்ஸிடம் ஆவி வருகிறது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

யாரே அனுபவிப்பார் என்ற கேள்விக்கு டிக்கன்ஸ் நேராகவே பதில் வைத்திருக்கிறார்: வேலைக்காரி அனுபவிப்பாள். மூன்றாவது ஆவி ஸ்க்ரூஜுக்குக் காட்டும் காட்சியில், வீடு பெருக்கிச் சுத்தம் செய்யும் பெண் அவர் பிணம் கட்டிலில் கிடக்கும்போதே திரைச்சீலையை வளையத்தோடு கழற்றிக் கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில் விற்கிறாள். கதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. கூட வருகிற சலவைக்காரிக்குத்தான் திருமதி டில்பர் என்று பெயர்.

படத்துக்குத் திரைக்கதை எழுதிய நோயல் லாங்லி ஒரு காரியம் செய்தார். டில்பர் என்ற பெயரைப் பெருக்குகிறவளுக்குக் கொடுத்தார். விடிந்ததும் அவளையே காலைச் சாப்பாட்டுத் தட்டோடு ஸ்க்ரூஜின் அறைக்குள் அனுப்பினார். கதையில் அந்தக் காலையில் ஸ்க்ரூஜ் அறையில் தனியாகத்தான் குதிக்கிறார், தனியாகத்தான் சிரிக்கிறார். படத்தில் பார்ப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறாள். கேத்லீன் ஹாரிசன் என்ற நடிகை. கிழவர் இரவு அங்கியோடு ஆடுகிறார், கிசுகிசுவென்று சின்னப் பிள்ளைபோலச் சிரிக்கிறார், தலைகீழாக நின்றே தீருவேன் என்கிறார். அவள் அலறி, ஏப்ரனைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடுகிறாள். இவர் துரத்திக்கொண்டு போய்ப் படியில் பிடித்து, கையில் ஒரு கினி நாணயத்தை வைக்கிறார். எதற்கு இது? வாயை மூடிக்கொண்டிருப்பதற்கா? அவள் அப்படித்தான் கேட்கிறாள். எத்தனை வருஷம் இந்த ஆளிடம் வேலை பார்த்திருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றும்! கிறிஸ்துமஸ் இனாம் என்கிறார். அதோடு வாரச் சம்பளம் இரண்டு ஷில்லிங்கிலிருந்து பத்து ஷில்லிங் ஆகிறது.

இதில் நான் சொல்ல வந்தது வேறு. சற்று முன்னால்தான் இதே பெண் தன் திரைச்சீலையை விற்றுக் காசாக்குவதை அவர் கண்ணாரப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாணயம் அவளுக்குத்தான் போகிறது. டிக்கன்ஸ் எழுதாத காட்சி இது. ஆனால் டிக்கன்ஸ் பார்த்திருந்தால் நமக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தாடியைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. கதையில் அக்கா இல்லை, 'சின்னஞ்சிறு ஃபேன்' என்ற தங்கைதான். படத்தில் அவளை அக்காவாக்கி, அம்மா ஸ்க்ரூஜைப் பெற்றெடுத்துச் செத்தாள், அக்கா தன் மகனைப் பெற்றெடுத்துச் செத்தாள் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அப்பா ஸ்க்ரூஜை வெறுத்த அதே காரணத்துக்காக ஸ்க்ரூஜ் அக்கா மகனை வெறுக்கிறார். பேராசிரியர் கணக்கில் இது ஒன்றே ஏழெட்டுப் பிழை தேறும்.

இனி கண்ணாடிக்கு வருவோம். அதே காலைக் காட்சியில் ஸ்க்ரூஜ் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நிற்கிறார். கண்ணாடியில் அவர் முகத்தோடு இன்னொரு முகமும் தெரிகிறது. படப்பிடிப்பு ஆட்களில் ஒருவர். யாரும் கவனிக்காமல் விட்டு, எடிட்டிங்கைத் தாண்டி, சென்ஸாரைத் தாண்டி, எழுபது வருடங்களுக்கு மேலாக அந்த மனிதர் கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருக்கிறார். கதையில் மார்லியோடு சேர்த்து நாலு ஆவி. படத்தில் ஐந்து. ரசிகர்கள் இவருக்காகக் கோபப்படுகிறார்களா? அந்த இடம் வரும்போது பேத்தியைக் கூப்பிட்டு, வா வா, இப்போ பாரு, அந்த ஆள் வருவார் பாரு என்று காட்டுகிறார்கள். நாளைக்கு யாராவது கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிட்டால் பெரிய ரகளை நடக்கும். நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். ஏற்கெனவே அந்தப் படத்துக்கு வண்ணம் பூசி ஒரு பிரதி விட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசுகிறவர்களைப் பற்றி நான் எழுதினால் இந்த இதழில் ஜோதிடப் பக்கத்துக்கு இடம் இருக்காது.

எங்கள் பத்திரிகையில் ஒருமுறை, விழாத் தலைவருக்குப் 'பெண்ணாடை போர்த்தி கௌரவித்தார்கள்' என்று அச்சாகிவிட்டது. பொன்னாடை. நான் அதற்குப் பிறகு எழுதிய முந்நூறு தலையங்கங்களில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவில்லை. பெண்ணாடை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் அதைத்தான் விசாரிக்கிறார்கள், அதுவும் எவ்வளவு பிரியத்தோடு!

அச்சுப் பிழை என்றதும் புரூஃப், அதாவது அச்சாகுமுன் பிழை திருத்தும் பிரதி, என்ற பேச்சும் வந்துவிட்டது. அதை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். கதையில் ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் நோஞ்சான் பிள்ளை டைனி டிம் சாகவில்லை என்று கடைசியில் ஒரு சின்ன வரி வருகிறதே, அது டிக்கன்ஸின் கையெழுத்துப் பிரதியில் கிடையாது. அச்சுக்குப் போன பிறகு சேர்த்தது. பிள்ளை பிழைத்தது புரூஃபில்.

நீங்கள் சொல்லும் அந்த மூலத்துக்கு டிக்கன்ஸே விசுவாசமாக இருக்கவில்லை. 1853-இல் பர்மிங்ஹாமில் முதன்முதலாகக் கூட்டத்துக்கு முன் வாசித்தார். வாசிக்க வாசிக்க வெட்டிக்கொண்டே வந்தார். பத்தி பத்தியாக அடித்தார், ஓரத்தில் எழுதிக்கொண்டார். 1870 மார்ச்சில் லண்டனில் கடைசியாக வாசித்தபோது கையில் இருந்தது ஒரு தழுவல். மற்றவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கவில்லை. புத்தகம் வந்தது 1843 டிசம்பர் 19. பிப்ரவரி 5-ஆம் தேதி ஒரே நாளில் லண்டனில் மூன்று நாடகக் கொட்டகைகளில் கதை மேடை ஏறிவிட்டது. திருட்டுப் பதிப்பு ஜனவரியிலேயே வந்தது. டிக்கன்ஸ் கேஸ் போட்டார், ஜெயித்தார். தோற்றவர்கள் திவால் நோட்டீஸ் கொடுத்துவிட, செலவு 700 பவுண்டு இவர் தலையில் விழுந்தது. ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம்மூரில் சொல்வதை யாராவது முன்கூட்டியே அவர் காதில் போட்டிருக்கலாம். புத்தக வரவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தங்க எழுத்து, கையால் வண்ணம் தீட்டிய படம் என்று இழைத்து இழைத்து அச்சிட்டதில், 6000 பிரதி ஐந்தே நாளில் விற்றுத் தீர்ந்தும் கையில் நின்றது 230 பவுண்டுதான். ஆயிரம் எதிர்பார்த்திருந்தார். விலை 5 ஷில்லிங். கதையில் பாப் கிராட்சிட்டுக்கு வாரச் சம்பளமே 15 ஷில்லிங். தன் கதையை அவர் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது, யாரிடமாவது இரவல்தான் கேட்டிருக்க வேண்டும். நம் சந்தாதாரர்களில் பாதிப் பேரின் அண்டை வீட்டுக்காரர்களைப் போல.

பாசத்துக்குக் காரணம் கேட்டீர்கள். படம் வந்த புதிதில் அமெரிக்காவில் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கம், ரொம்ப இருட்டாக இருக்கிறது, பண்டிகைக்கு ஆகாது என்று கைவிரித்துவிட்டது. பின்னால் டெலிவிஷன்காரர்கள் டிசம்பர்தோறும் போட்டுப் போட்டுத்தான் அது வீட்டு ஆள் ஆனது. வீட்டுக்கு வந்தவர்கள் வேறு பேரும் உண்டு. மைக்கேல் கெயின் பொம்மைகளுக்கு நடுவே நடித்த 1992 படத்துக்குத் தனி ஜமா, ஜார்ஜ் ஸி. ஸ்காட்டின் 1984 டெலிவிஷன் படத்துக்குத் தனி ஜமா. எட்டு வயதில் எதைப் பார்த்தாரோ அதுவே உத்தமம் என்று அடித்துப் பேசுவார்கள். நான் சிம் கட்சி. அவர் சொற்பொழிவுப் பயிற்சி தரும் வாத்தியாராக இருந்து நடிப்புக்கு வந்தவர். ஆட்டோகிராஃப் கேட்டால் போடமாட்டாராம். அந்த ஒரு விஷயத்தில் நிஜக் கருமி.

கடைசிப் பகுதியில் அக்கா மகன் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார் ஸ்க்ரூஜ். உள்ளே பாட்டுச் சத்தம். அறைக் கதவைத் திறக்கக் கை வரமாட்டேன் என்கிறது. தொப்பியையும் கோட்டையும் வாங்கிக்கொண்ட சின்னப் பெண், அந்த வீட்டு வேலைக்காரி, அவரைப் பார்த்து, போங்கள் என்பதுபோல மெல்லத் தலையசைக்கிறாள். வசனமே கிடையாது. காலையில் ஒரு வேலைக்காரியைத் துரத்தியவரை ராத்திரி இன்னொரு வேலைக்காரி உள்ளே அனுப்பிவைக்கிறாள். பேராசிரியர் நோட்டில் இதற்கு என்ன மார்க் போட்டிருப்பார் என்று எனக்கு ரொம்ப ஆசை, தெரிந்துகொள்ள.

பி.கு.: இந்தப் பக்கத்தைப் புரூஃப் பார்த்து அனுப்பிய நம் ஆள் பிழை எதையும் திருத்தவில்லை. 'இரண்டு ஷில்லிங்கிலிருந்து பத்து ஷில்லிங்' என்ற இடத்தில் மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார்.