கார்பன் வீல் இருக்கும்போது, சைக்கிள் பயிற்சிக்குத் தனி வீல்செட் (முன், பின் சக்கர ஜோடி) வேண்டுமா?

வாங்குங்கள். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் பிரேக்) உள்ள சைக்கிளில் தினமும் கார்பன் வீலை ஓட்டினால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தேய்வது அந்த விலையுயர்ந்த ரிம்தான். பயிற்சிக்குச் சாதாரண அலுமினிய வீல் போதும், எடையைப் பார்க்காதீர்கள்.

நண்பரின் வீலை மாட்டியதும் செயின் பல் தாவியது என்றீர்களே, அது வீலின் குற்றமாக இருக்காது. அந்த வீலோடு அதன் கேசட்டும் (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) மாறிவிடுகிறது; தேய்ந்து நீண்ட செயின் புது கேசட்டில் சரியாக உட்காராது. செயினை இழுத்துப் பிடித்து, அதன் கண்ணிகளை இணைக்கும் பின்களுக்கு (pin) நடுவே உள்ள இடைவெளிகளில் 24-ஐ ஸ்கேலால் சேர்த்து அளந்து பாருங்கள். 305 மி.மீ.-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 306-ஐத் தாண்டினால் முதலில் புது செயின் வாங்குங்கள், அப்புறம்தான் வீல்.

ஒன்று மட்டும்: பிரேக் கட்டைகளைக் கார்பன், அலுமினிய வீல்கள் இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள். அலுமினியத் துகள் கட்டையில் பதிந்துகொள்ளும் (பளபளவென்று மின்னும், ஊசியால் நோண்டி எடுத்திருக்கிறேன்), பிறகு கார்பனைக் கீறிவிடும்.